வரைபட அச்சுத் தலைப்பில் Ω, ρ குறிகளையும் அச்சு எண்களில் அடுக்குகளையும் சேர்ப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். நிலத்தடி நீர் இருக்கும் ஆழத்தை மதிப்பிடச் செய்யப்படும் மின்தடை ஆய்வின் அளவீடுகளை எக்செலில் வரைபடமாக்கி, தமிழில் ஆய்வறிக்கை ஒன்று தயாரித்து வருகிறேன். மின்முனைகளின் இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி அளக்கும் ஷ்லம்பர்ஜே முறை என்பதால் இரண்டு அச்சுகளும் மடக்கை அளவில் உள்ளன. நெடு அச்சின் தலைப்பு ‘தோற்ற மின்தடைத்திறன், ρ (Ω மீ)’ என்று அமைய வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்த பழைய மாதிரிக் கோப்பில், தலைப்பைத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றியவுடன் ஓம் குறி இருந்த இடத்தில் ஆங்கில டபிள்யூ வந்துவிடுகிறது. அது வாட் அலகின் குறி என்பதால் படிப்பவர் தவறாகவே பொருள் கொள்வார். மேலும், அச்சு எண்களை 10, 100, 1000 என்றில்லாமல் 10¹, 10², 10³ என்று காட்ட விரும்புகிறேன். வழி இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

அந்தக் கோப்பை உருவாக்கியவர் ஓம் குறியை இடவில்லை. டபிள்யூவைத் தட்டச்சு செய்து அதற்குச் ‘சிம்பல்’ எழுத்துருவைக் கொடுத்திருக்கிறார். அந்த எழுத்துருவில் டபிள்யூவின் இடத்தில் ஒமேகாவின் வடிவம் இருப்பதால் திரையில் சரியாகத் தெரியும். எழுத்துரு மாறியதும் அடியில் இருக்கும் உண்மையான எழுத்து வெளிப்பட்டுவிடும். யூனிகோட் எழுத்தையே இட்டால் இந்தச் சிக்கல் எழாது. ஏதேனும் ஒரு செல்லில் சமக்குறியிட்டு, யூனிசார் (UNICHAR) சார்பின் அடைப்புக்குறிக்குள் 937 என்று கொடுத்தால் Ω கிடைக்கும். 961 கொடுத்தால் ρ கிடைக்கும். எக்செல் 2013 முதல் இந்தச் சார்பு உள்ளது. தலைப்பு முழுவதையும் அந்தச் செல்லிலேயே அமைத்துக்கொண்டு, வரைபடத்தின் அச்சுத் தலைப்பை ஒருமுறை சொடுக்கி, ஃபார்முலா பட்டையில் சமக்குறியிட்டு அந்தச் செல்லைச் சுட்டி என்டர் விசையை அழுத்தினால், செல்லில் செய்யும் திருத்தம் தலைப்பிலும் உடனே தோன்றும்.

யூனிகோடில் ஓம் குறிக்கென்று 8486 என்ற தனி எண்ணும் உண்டு. ஆயினும் கிரேக்க எழுத்தான 937-ஐப் பயன்படுத்துவதையே யூனிகோட் தரம் பரிந்துரைக்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துகள் என்பதால், ஒரே அறிக்கையில் இரண்டையும் கலந்து எழுத வேண்டாம்.

மறுமொழி 2

மேலே சொன்ன முறை சரியானதே. ஆனால் செல்லுடன் இணைத்த தலைப்பில் ஓர் எழுத்தை மட்டும் சாய்வாக்கவோ மேலெழுத்தாக்கவோ முடியாது. முழுத் தலைப்பும் ஒரே வடிவில்தான் இருக்கும். இயற்பியல் அளவுகளின் குறியீடுகளைச் சாய்வெழுத்தில் அச்சிடுவது மரபு என்பதால், ρ சாய்ந்திருக்க வேண்டுமென்றால் இணைப்பைக் கைவிடுங்கள். தலைப்பை நேரடியாகத் தட்டச்சு செய்து, குறிகளைச் செல்லிலிருந்து நகலெடுத்து ஒட்டி, ρ-வை மட்டும் தெரிவு செய்து சாய்வாக்கலாம். ஆய்வறிக்கைக்கு நான் இதையே விரும்புவேன். அச்சுத் தலைப்பு அடிக்கடி மாறும் ஒன்றன்று.

மறுமொழி 3

அச்சு எண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே ஓர் இலக்கத்தை மட்டும் தெரிவு செய்ய எக்செல் இடம் தராது. எண் வடிவக் குறியீட்டின் வழியாகத்தான் செய்ய வேண்டும். அச்சின் குறைந்த அளவை 10 என்றும் மிகுந்த அளவை 1000 என்றும் அமைத்துவிட்டு, அச்சு வடிவமைப்பில் எண் பகுதிக்குச் சென்று, பின்வருமாறு எழுதிச் சேர்க்கவும்:

[=10]"10¹";[=100]"10²";"10³"

ஒரு குறியீட்டில் இரண்டு நிபந்தனைகளுக்கே இடமுண்டு. மூன்றாவது பகுதி எஞ்சிய எல்லா எண்களுக்கும் பொருந்தும். உங்களுக்கு மூன்று எண்களே தேவை என்பதால் இது போதும். அச்சு 1-லிருந்து தொடங்கினால் நான்கு எண்கள் வரும், இந்த வழி உதவாது. அப்போது அச்சின் மீது புள்ளிகள் விழும்படி ஒரு துணைத் தொடரைச் சேர்த்து, அதன் தரவுச் சிட்டைகளை (புள்ளிகளின் அருகே தோன்றும் எழுத்துகளை) செல்களிலிருந்து எடுக்கச் செய்து, அச்சின் சொந்த எண்களை மறைத்துவிட வேண்டும்.

எழுத்துருவையும் கவனியுங்கள். ¹, ², ³ ஆகியவை யூனிகோடில் 185, 178, 179 என்ற பழைய இடங்களில் உள்ளன. ⁰, ⁴ போன்றவை 8304-இல் தொடங்கும் வேறொரு தொகுதியில் உள்ளன. சில எழுத்துருக்களில் இவ்விரு வகைகளின் உயரமும் பருமனும் ஒத்துவராமல், 10⁰ மட்டும் தனித்துத் தெரியும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ρ-வைச் சாய்வாக்க வேண்டியிருப்பதால் செல் இணைப்பின்றித் தலைப்பை அமைத்தேன். எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் Ω மாறவில்லை. நெடு அச்சின் எண்களும் சரியாக வந்துவிட்டன. கிடை அச்சு 1 முதல் 100 வரை செல்வதால், அதே குறியீட்டை 10⁰, 10¹, 10² என்று மாற்றி எழுதினேன். நீங்கள் சொன்னபடியே அங்கே சுழியம் சற்றுச் சிறியதாகத் தெரிந்ததால், அச்சு எண்களுக்கு மட்டும் வேறு எழுத்துருவைக் கொடுத்துவிட்டேன்.