ஓட்டல் கணக்கறையிலிருந்து ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) நாற்காலிக்கு: நீங்கள் பார்த்த பெண்கள்

ஸ்டோர்ஸ்காரன்:

ஓட்டல் வேலையில் மேலே வந்த பெண் என்றால் ரிசப்ஷனில் பட்டுப்புடவையோடு நின்றவரைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நான் பார்த்தவர் கணக்குப் பிரிவுக்காரர். அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நான் ஸ்டோர்ஸில் இருந்தபோது காஸ்ட் கன்ட்ரோலராக, அதாவது வாங்கும் பொருளின் செலவுக் கணக்கைப் பார்ப்பவராக, வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அதுவரை காஸ்ட் கன்ட்ரோலர் என்பவர் மாதக் கடைசியில் வருவார், நான் எழுதி வைத்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். மேடம் சேர்ந்த வாரமே விடிகாலையில் ரிசீவிங்கில் வந்து நின்றுவிட்டார். கோயம்பேட்டிலிருந்து காய்கறியும் காசிமேட்டிலிருந்து மீனும் வந்து இறங்குகிற நேரம். மீன்காரர் தெர்மகோல் பெட்டியோடு தராசில் வைப்பார், பெட்டிக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு என்று ஒரு குத்துமதிப்பில் கழித்துவிடுவார். யாரும் கேட்டதில்லை. மேடம் ஐஸைக் கொட்டச் சொல்லி, மீனைத் துடைத்து, மறுபடி நிறுக்கச் சொன்னார்.

"என்னம்மா, பதினஞ்சு வருசமா குடுக்கறேன்" என்றார் மீன்காரர்.

"பதினஞ்சு வருசத்துக்கும் சேர்த்தா கேக்கறேன்? இன்னிக்கு மட்டும் நிறுங்கண்ணே."

அதோடு விடவில்லை. அந்த வஞ்சிரத்தின் பின்னாலேயே சமையலறைக்குப் போனார். வெட்டியதும் துண்டு தனியாக, தலை தனியாக, கழிவு தனியாக நிறுத்து எழுதினார். தலை ஸ்டாஃப் சாப்பாட்டுக் குழம்புக்குப் போகும், ஆனால் அதன் விலையும் வறுவல் கணக்கிலேயே கிடந்தது. மெனு கார்டில் வறுவலுக்குப் போட்ட விலையோ முழு மீனின் கிலோ விலையை வைத்துப் போட்டது. துண்டுக்கு என்ன விழுகிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

அப்புறம் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை எங்கேயோ போய் நிற்கும். நம் ஊரில் அந்த இரண்டு மாதமும் எல்லா ஓட்டலுக்கும் தலைவலி. கார்டில் வஞ்சிரம் இல்லாவிட்டால் கஸ்டமர் போய்விடுவார் என்று ஷெஃப் ஒற்றைக்காலில் நின்றார். முந்தைய ஆளாக இருந்தால் ஜி.எம்.முக்கு ஒரு மெயில் தட்டியிருப்பார், சண்டை தொடங்கியிருக்கும். மேடம் ஒரு தட்டில் நாலு துண்டு மீனை வைத்து, பக்கத்தில் அதன் அடக்க விலையை எழுதி, ஷெஃப் முன்னால் வைத்தார். "இந்த ரெண்டு மாசத்துக்கு மெனு நீங்களே எழுதுங்க சார், நான் கை வைக்க மாட்டேன்." பண்ணை இறாலும் அணை மீனுமாக ஒரு கோடை மெனு வந்தது, நன்றாகவும் ஓடியது. அது தன் யோசனை என்று ஷெஃப் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். மேடம் ஒரு நாளும் மறுக்கவில்லை.

அவர் அங்கேயே ஃபைனான்ஷியல் கன்ட்ரோலர் (கணக்குப் பிரிவுத் தலைவர்) ஆகி, இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் ஓட்டலில் ஜி.எம். இந்த மாதிரி ஆட்களை நீங்களும் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

இரவுக்கணக்கு:

அண்ணா, எங்கள் ஓட்டலிலும் இப்படி ஒரு மேடம் இருந்தார். அவரால்தான் எனக்கு நைட் ஆடிட், அதாவது அன்றைய கணக்கை ராத்திரியில் முடிக்கும் வேலை, கிடைத்தது. அதற்கு முன் கேட்டபோதெல்லாம் "உனக்கு எதுக்கும்மா நைட்டு, பகல்ல நிம்மதியா இரு" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பில்தான் பெண்களுக்குக் கதவு சாத்தப்படுகிறது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் ரெஸ்டாரன்ட், பார் என்று ஒவ்வொரு அவுட்லெட்டின் விற்பனையையும் வசூலோடு ஒப்பிட்டு, தங்கியிருக்கிற ஒவ்வொருவர் கணக்கிலும் அறை வாடகை ஏற்றி, ஹவுஸ்கீப்பிங் லிஸ்ட்டோடு சரிபார்த்துப் பாருங்கள். ஆள் இருப்பதாகக் காட்டும் அறை காலியாக இருக்கும், பணம் கட்டாமல் போனவர் யாரென்று தெரியும். முழு ஓட்டலும் ஒரே ராத்திரியில் கண்ணுக்குத் தெரிகிற வேலை அது ஒன்றுதான். அதைப் பார்க்காதவரை யாரும் ஜி.எம். நாற்காலிக்கு யோசிப்பதில்லை.

2017 ஜூன் 30 ராத்திரி மறக்காது. கடிகாரத்துக்கு ஜூலை 1 பிறந்துவிடும், ஜிஎஸ்டி வந்துவிடும். ஓட்டல் சிஸ்டத்துக்கோ நைட் ஆடிட் முடித்துத் தேதியைப் புரட்டும் வரை ஜூன் 30தான். அன்றைக்குத் தங்கியவருக்குப் பழைய லக்சுரி டாக்ஸா, புது வரியா? சாஃப்ட்வேர்காரர்கள் போனை எடுக்கவே இல்லை. மேடம் மாலையிலேயே முடிவெடுத்துவிட்டார். ரெஸ்டாரன்ட் பில்களைப் பதினொன்றரைக்குள் முடிக்க வேண்டும், அறை வாடகையைப் பன்னிரண்டுக்கு முன்பே ஏற்ற வேண்டும், பன்னிரண்டுக்குத் தேதியைப் புரட்ட வேண்டும், அதற்கு மேல் வரும் பில் எல்லாம் புது வரியில். கேப்டன்கள் முணுமுணுத்தார்கள். அவர் கேஷியர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முன்னாள் பார் கேப்டன்:

எங்கள் பாரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 750 மி.லி. பாட்டிலில் 30 மி.லி. வீதம் 25 ஸ்மால். கணக்கு எப்போதும் டாண் என்று நிற்கும், ஆடிட்டர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். புதிதாக வந்த கணக்கு மேடத்துக்கு அந்த டாண்தான் இடித்தது. ஒரு துளிகூடச் சிந்தாத பார் எங்கே இருக்கிறது? ஒரு சனிக்கிழமை கூட்ட நேரத்தில் வந்து ஷெல்ஃபில் இருந்த பாட்டில்களில் ஓட்டல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இரண்டில் இல்லை. வெளியே வாங்கி உள்ளே ஊற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள், பில்லே கிடையாது. எல்லார் முன்னாலும் கத்தவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் மறுநாள் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

இரவுக்கணக்கு:

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. ஜிஎஸ்டி வந்த புதிதில் அறைக்கு வாங்கும் தொகையைப் பார்த்து வரி இல்லை, ரேட் கார்டில் அறிவித்த கட்டணத்தைப் பார்த்துத்தான். 7,500 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 28 சதவீதம், 2,500 முதல் 7,500க்குள் 18. எங்கள் கார்டில் 8,000, நிஜத்தில் விற்றது 5,500. கெஸ்ட் 1,540 ரூபாய் வரி கட்டினார். கார்டை 7,400 ஆக்கினால் 990தான். அப்போதிருந்த ஜி.எம். "எட்டாயிரம்னு இருந்தாதாம்மா ஒரு மரியாதை" என்றார்.

மேடம் மரியாதையைப் பற்றிப் பேசவே இல்லை. 2017 நவம்பர் 15-க்குப் பிறகு அந்த ஒரே எண்தான் ரெஸ்டாரன்ட் வரியையும் தீர்மானித்தது. கார்டு 7,500க்குக் கீழே இருந்தால் 5, இல்லாவிட்டால் 18. ஆனால் 5-க்குப் போனால் வாங்கும் பொருளில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. எல்லோரும் அங்கேதான் பயந்தார்கள். சமையலறைக்கு வரும் பச்சைக் காய்கறிக்கும் மீனுக்கும் கறிக்கும் வரியே இல்லையே, கழிக்க என்ன இருக்கிறது என்று அவர் ஸ்டோர் பில்களைப் பிரித்து வைத்துக் காட்டினார். இழப்பு பெரும்பாலும் பராமரிப்பு கான்ட்ராக்டிலும் மற்ற செலவுகளிலும்தான். அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். முதலாளி அந்த மீட்டிங்கிலேயே கார்டை மாற்றச் சொன்னார். 2018 ஜூலையில் அறை வரியை நிஜமாக வாங்கும் தொகையை வைத்தே போடலாம் என்று அரசே மாற்றிவிட்டது. ஆனால் அதற்குள் அடுத்த ஜி.எம். யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மயிலாப்பூர் ஆடிட்டர்:

பெண்ணும் கணக்கும் என்றால் சென்னையில் ஆர். சிவபோகத்தைச் சொல்லாமல் விட முடியாது. ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் வேலூர் சிறைக்குப் போனவர். 1933-ல் கணக்காளர் தேர்வில் தேறினார், இந்தியாவின் முதல் பெண் கணக்காளர். ஜெயிலுக்குப் போனவர் பதிவு செய்ய முடியாது என்று விதியைக் காட்டினார்கள், அதையும் எதிர்த்து நின்று வென்றார். ஐம்பதுகளில் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியக் குழுவுக்கே தலைவராக இருந்தார். ஓட்டல் சம்பந்தமில்லை என்பீர்கள். சரி, இருக்கட்டும்.

ஸ்டோர்ஸ்காரன்:

நன்றாகவே சம்பந்தம் இருக்கிறது சார். ஆனால் ஒன்று, எல்லா ஓட்டலும் இப்படி இல்லை. பெரும்பாலும் ஜி.எம். ஆகிறவர்கள் ரூம்ஸ், சேல்ஸ், எஃப் அண்ட் பி (சாப்பாடு, பானப் பிரிவு) வழியாக வருகிறார்கள். கணக்குக்காரப் பெண்ணை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் "நம்ம அக்கவுண்ட்ஸ் மேடம்" என்று பின்கட்டிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் மேடமும் நடுவில் ஒரு வருடம் சம்பளத்தில் இறங்கி ஃப்ரன்ட் ஆபீஸுக்குப் போய்விட்டுத்தான் வந்தார். அந்த வருடம் இல்லாவிட்டால் கன்ட்ரோலராகவே ரிடையர் ஆகியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

அம்பத்தூர் அப்பா:

என் மகள் பி.காம். முடித்திருக்கிறாள். ஓட்டலில் சேர வேண்டும் என்கிறாள். தரமணி கேட்டரிங் இன்ஸ்டிட்யூட்டில் மறுபடி முதலிலிருந்து படிக்க வைக்க வேண்டுமா?

இரவுக்கணக்கு:

வேண்டாம் சார், அது சமையல், சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் சேர்ந்த டிகிரி. பி.காம்.முக்கு இன்கம் ஆடிட்டிலேயே (வருமானக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை) ஆரம்பிக்கலாம். இன்டர்வியூவில் ஆறு மாதத்துக்குள் நைட் ஆடிட் ஒரு சுற்றும் ஸ்டோர் கணக்கு ஒரு சுற்றும் தருவீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். இரவு வேலை என்றால் எழுத்தில் சம்மதம் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் வீடு வரை வண்டி விடுகிறார்களா, வண்டியில் கூட யார் வருவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். வாய்ச் சொல்லாக விட்டுவிட வேண்டாம்.