மெட்டு தெரியாமல் நிற்கும் வாலிபர்கள்

கேள்வி:
நாங்கள் சிறிய சபை. வாலிபர்கள் 14 பேர். படிக்கும் இடத்தில் பெரும்பாலும் அவரவர் ஒருவரே கிறிஸ்தவர். சென்ற மாதம் ஒரு பெண் என்னிடம், "வகுப்பில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள், இங்கே வந்தால் பாமாலைக்கு மெட்டு தெரியாதவளும் நான் ஒருத்திதான்" என்றாள். அந்தச் சொல் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. மூத்தவர்கள் பாமாலை என்னும் பழைய ஆராதனைப் பாடல்களைக் கைவிட மனமில்லாதிருக்க, இளையவர்கள் கைப்பேசியில் கேட்கும் துதிப் பாடல்களையே தங்கள் பாட்டாக எண்ணுகிறார்கள். பாடல்களை மாற்றினால் அவர்கள் சபையோடு ஒட்டுவார்களா?

பதில் 1:
தம்பி, மாற்றுவதற்குமுன் நாம் கற்றுக்கொடுத்தோமா என்று பாருங்கள். 16ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் சிறுபான்மையினராக வாழ்ந்த ஹியூகனாட் என்னும் புராட்டஸ்டண்ட் சபையார், 1562இல் ஜெனீவாவில் வேதாகமத்தின் 150 சங்கீதங்களும் மெட்டோடு முழுமையாக வெளிவந்தபின், அவற்றை ஆலயத்தில் மட்டுமன்றி வீட்டிலும் பாடினார்கள். பிற்காலத்தில் பொது இடத்தில் பாடத் தடை வந்தபோதும் பாட்டு அழியவில்லை. நாமோ ஓய்வுநாள் பள்ளியில் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்; மெட்டு மட்டும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டோம். முன்பு குடும்ப ஜெபத்தில் அது வந்தது. குடும்ப ஜெபம் நின்ற வீட்டுப் பிள்ளைக்கு அதை யார் தருவது?

பதில் 2:
ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நான் 17 வயதில் பாடகர் குழுவை விட்டு விலகியவள். ஆல்டோ என்னும் பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் இரண்டு ஆண்டுகள் நின்றேன். மெட்டுகள் எல்லாம் தெரியும், ஆனால் எந்தப் பாட்டைப் பாடலாம் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. திரும்பி வந்தபின், காணிக்கைப் பாட்டை நீயே தேர்ந்தெடு என்று ஒருமுறை சொன்னார்கள். அன்றுதான் அது என் சபை என்று தோன்றியது. 1940இல் பிரான்சில் தொடங்கிய தேஸே என்னும் கிறிஸ்தவத் துறவியர் குழுமத்தின் ஜெபங்களில் ஓரிரு வரிப் பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடுவதால், வேற்று மொழி பேசும் வாலிபரும் சற்று நேரத்தில் சேர்ந்து பாடிவிடுகிறார்கள். புதிதாக வருபவருக்கு அங்கே வாசல் இருக்கிறது. கிட்டாரா ஆர்கனா என்ற வாதத்தில் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்தப் பெண்ணிடமே ஒரு பாடலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கைப்பேசிப் பாடல் ஒன்றைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, மறைந்த தன் பாட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்த பாமாலையைக் கேட்டாள். முதல் இரண்டு வரிகளுக்கு மட்டுமே மெட்டு நினைவிருக்கிறதாம். சனிக்கிழமைப் பயிற்சியை மூன்றாம் வரியிலிருந்து தொடங்குகிறோம்.