என்விஷன் (envision), என்விசிஜ் (envisage): தமிழில் எப்படி எழுதுவது?

மைத்துளி:
ஒரே ஒரு வினைச்சொல் மூன்று நாளாக என்னைப் படுத்துகிறது. கிராமக் குடிநீர்த் திட்டங்களைப் பற்றிய கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலை. ஊராட்சிகளில் மக்கள் கையில் கொடுக்கப்போகிறார்கள். ஜல் ஜீவன் மிஷனின் அறிமுக வாக்கியம் அதில் அப்படியே வருகிறது: கிராமப்புற வீடுகள் எல்லாவற்றுக்கும் 2024க்குள் குழாய் இணைப்பு மூலம் பாதுகாப்பான, போதுமான குடிநீர் தருவதற்காக இத்திட்டம் 'என்விஷன்' செய்யப்பட்டிருக்கிறதாம்.

நான் "குடிநீர் வழங்கும் திட்டம்" என்று எழுதினேன். சரிபார்த்தவர் சிவப்பில் சுழித்து, "வழங்கும் என்று மூலத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, "வழங்க உத்தேசிக்கப்பட்டுள்ளது" என்று மாற்றியிருக்கிறார். அவர் கேள்வி நியாயம், மாற்றம் தவறு என்பது என் கட்சி. 'உத்தேசம்' என்றால் நம் ஊரில் யாருக்கு 'நோக்கம்' என்று காதில் விழுகிறது? "உத்தேசமா எவ்வளவு ஆகும்?" என்றுதானே கேட்கிறோம். உத்தேசமாகத் தண்ணீர் தரப்போகிறார்கள் என்றாகிவிடாதா? இந்த வினைக்குள் ஒரு கண் இருக்கிறது. இன்னும் இல்லாத ஒன்றை இருப்பதுபோலக் காணும் கண். அது தமிழில் வர வேண்டும்.

இலக்கணப்பித்தன்:
சரிபார்த்தவர் பக்கம் நிற்கிறேன். சொல்லைத் தனியாக எடுத்து அழகு பார்த்தால் கண் தெரியும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் அலுவலகம்தான் தெரியும். இரண்டு வினைகள் ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துக்கொள்வோம். 'என்விஷன்' அமெரிக்காவில் அதிகம் புழங்குவது. நல்லதாக ஒன்று வரப்போகிறது என்று மனத்தில் காண்பது. 'என்விசிஜ்' பிரிட்டனில் அதிகம். நடக்கக்கூடியதைக் கணித்து வைப்பது. "பெரிய சிக்கல் எதையும் நான் என்விசிஜ் செய்யவில்லை" என்று ஒரு பொறியாளர் சொன்னால் அவர் கனவு எதுவும் காணவில்லை. சிக்கல் வரும் என்று தோன்றவில்லை என்கிறார், அவ்வளவுதான். (நம்மில் பலர் இதை 'என்விசேஜ்' என்று இழுக்கிறோம். அழுத்தம் நடு அசையில், கடைசி அசை 'இஜ்' என்று குறுகும்.)

வகுப்பில் நான் ஓயாமல் திருத்துவது இன்னொன்று. செய்வினையில் இந்த இரண்டுக்கும் பின்னால் 'டு' போட்டு வினை சேர்க்கக் கூடாது. "வீ என்விஷன் டு ப்ரொவைட்" பிழை, "வீ என்விஷன் ப்ரொவைடிங்" சரி. பெயர்ச்சொல் வரலாம், 'தட்' வரலாம். செயப்பாட்டுவினையில் மட்டும் 'டு' நுழைந்துவிடுகிறது. உங்கள் கையேட்டு வாக்கியம் அந்த வகை. அந்த இடத்தில் பொருளும் 'நினைத்தல்' என்பதிலிருந்து நழுவி 'வடிவமைத்தல்' பக்கம் போய்விடுகிறது. ஆகவே 'உத்தேசிக்கப்பட்டுள்ளது' பொருந்தும். அரசுத் தமிழில் பல்லாண்டு பழகிய சொல்.

கரிசல்காட்டான்:
ரெண்டு பேர் பேசுறதும் எனக்கு ஒத்துக்கிடல. மைத்துளி அக்கா முதல்ல எழுதுன 'வழங்கும்'தான் சரி. ஏன்னு சொல்றேன். எங்க ஊர்ல கோடைக்கு நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி. கிராம சபைக் கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்கணும்னா கையில ஒரு தாள் வேணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு அந்தத் திட்டத்துலயே இருக்கு. நாங்க அதைக் காட்டிக் கேட்டிருக்கோம். "வழங்க உத்தேசிக்கப்பட்டுள்ளது"ன்னு தாள்ல இருந்தா, "உத்தேசம்தானப்பா"ன்னு உட்கார வச்சிருவாங்க. கவிஞர் மனசுல காணுறது வேற, அரசாங்கம் காணுறது வேற. அரசாங்கம் கண்டா அதுக்குப் பணம் ஒதுக்கியிருக்கு, தேதி போட்டிருக்கு. அப்ப அது வாக்கு.

வழக்குக்கட்டு:
நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி கரிசல்காட்டான் சொல்வதில் பாதிக்கு எங்கள் துறையில் ஆதாரம் உண்டு. "இன்ன பிரிவில் என்விசிஜ் செய்யப்பட்டுள்ளவாறு" என்று தீர்ப்புகளில் வந்தால் அங்கே கற்பனைக்கு இடமே கிடையாது. "வகைசெய்யப்பட்டுள்ளவாறு" என்றுதான் எழுதுவோம். சட்டம் அதற்கு வழி சொல்லியிருக்கிறது, அது கட்டுப்படுத்தும்.

ஆனால் அதே தீர்ப்பில் நாலு பத்தி தள்ளி, "சட்டமன்றம் என்விசிஜ் செய்யாத நிலைமை" என்று வரும். அங்கே 'வகைசெய்யாத' என்று போட்டால் பாதிப் பொருள் போய்விடும். சட்டம் இயற்றியவர்கள் இப்படியொன்று நேரும் என்று நினைத்திராத நிலைமை என்பது கருத்து. ஆகவே சொல்லுக்கு நேர்ச்சொல் தேடாதீர்கள், யார் நினைக்கிறார்கள் என்று தேடுங்கள். சட்டப் பிரிவு எழுவாயாக வந்தால் 'வகைசெய்கிறது'. மனிதர் வந்தால் 'நினைத்தார்', 'எதிர்பார்த்தார்'. திட்டம் வந்தால்தான் தொல்லை. திட்டம் சட்டமும் இல்லை, மனிதரும் இல்லை.

மைத்துளி:
ஐயா, "திட்டம் வந்தால்தான் தொல்லை" என்றீர்களே, சரியாக அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் இதே கதைதான். இந்தியப் பண்பாட்டில் வேரூன்றிய கல்வி அமைப்பு ஒன்றை 'இந்தக் கொள்கை' என்விஷன் செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். கொள்கை எப்படிக் காணும்? கண்டவர்கள் மனிதர்கள். அவர்கள் ஒதுங்கிக்கொண்டு தாளைப் பேசவிடுகிறார்கள்.

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 'வழங்கும்' என்று நான் எழுதினால் மூலம் கொடுக்காத வாக்கை நான் கொடுத்ததாகும். அதிகாரி ஆங்கிலத் தாளை எடுத்து நீட்டினால் உங்கள் கையில் இருக்கும் தமிழ்த்தாள் அந்த இடத்திலேயே செல்லாக்காசு.

புதுவைப் பூவரசு:
இங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. 'விசாஜ்' என்றால் பிரெஞ்சில் முகம். 'ஆன்விசாஜே' என்பது ஒன்றை முகத்துக்கு நேர் பார்ப்பது. அதிலிருந்து 'ஆராய்தல்', பிறகு 'செய்யலாம் என்று நினைத்திருத்தல்'. இன்றைய பிரெஞ்சில் ஒருவர் வீடு மாறுவதை ஆன்விசாஜே செய்கிறார் என்றால் மாறலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறார், இன்னும் முடிவாகவில்லை. பிரெஞ்சில் இதற்குப் பின்னால் இன்னொரு வினையின் மூல வடிவம் வரும். இங்குள்ள மாணவர்கள் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'டு' போடுவார்கள். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1820இல் வெளியிட்ட ஹைப்பீரியன் கவிதையில் வருகிறது. அங்கே கற்பனைக்கு எதிர்ப்பொருள்! தோற்றுப்போன தேவர்களிடம், நேர்ந்ததை அமைதியாக முகம்கொடுத்துப் பார்ப்பதே மேன்மை என்று ஒருவன் சொல்கிறான். 1926இல் ஃபவுலர் தம் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் இந்தச் சொல்லே வேண்டாத பிரெஞ்சுச் சரக்கு, நேர்கொள், கருது போன்றவை போதும் என்று தள்ளினார். யாரும் கேட்கவில்லை.

மைத்துளி:
முகம்! நான் கண் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண் என்விஷனில், முகம் என்விசிஜில். இரண்டும் நம்மிடம் இருக்கிறதே. 'நினைத்துப் பார்' என்கிறோமே, நினைப்புக்குள் பார்வையை வைத்த மொழி இது. "நினைத்துப் பார்க்கப்பட்டுள்ளது" என்று எழுத வராது, தெரியும். ஆனால் அந்தத் தடத்தில் ஒரு சொல்லாட்சி கிடைக்கும்.

இலக்கணப்பித்தன்:
அந்தப் 'பார்' கண்ணால் பார்ப்பது இல்லை அம்மா. சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார், முகர்ந்து பார். எங்கேயும் கண் கிடையாது. முயன்று பார்ப்பதைச் சொல்லும் துணைவினை. 'நினைத்துப் பார்' என்றால் நினைக்க முயற்சி செய் என்பதே.

மைத்துளி:
அப்படியென்றால் "நினைத்துப் பார்க்கவே முடியவில்லை" என்பதற்கு 'நினைக்க முயற்சி செய்யவே முடியவில்லை' என்று பொருளா? தாயை இழந்த ஒருத்தி "அவங்க இல்லாத வீட்டை நினைச்சுப் பார்க்க முடியல" என்று சொல்லும்போது முயற்சியைப் பற்றியா பேசுகிறாள்? அந்த வீடு அவள் கண்முன் வருகிறது. பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிறாள். துணைவினையாகத் தேய்ந்தாலும் இந்த ஒரு இடத்தில் பழைய கண் விழித்துக்கொள்கிறது.

இலக்கணப்பித்தன்:
இந்த எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. 'முடியவில்லை' சேரும்போது பொருள் மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். 'யோசித்துப் பார்க்க முடியவில்லை' அந்த அளவு வலிக்காது என்பதையும் கவனித்தேன். ஆனால் குடிநீர்க் கையேட்டுக்கு இது உதவாது என்பதில் மாற்றமில்லை.

பருத்தித்துறைக்காரி:
இலங்கையிலிருந்து எழுதுறன். எங்கட அலுவலகங்களில எல்லாம் வாசல்லயே 'தூரநோக்கு' எண்டு பலகை இருக்கும். நீங்கள் 'தொலைநோக்கு' எண்டுறது. தமிழ்நாட்டில சிலர் 'தொலைநோக்குப் பார்வை' எண்டு எழுதுறதைப் பார்த்திருக்கிறன், நோக்கெண்டாலே பார்வைதானே. அது கிடக்கட்டும். பலகையில தூரநோக்கு எண்டு எழுதினதைக் காட்டி ஒருவரும் ஒரு சேவையையும் உரிமையா கேட்டதில்லை. கரிசல்காட்டான் அண்ணை கேட்கிறது சரியெண்டுதான் எனக்குப் படுது. மொழிபெயர்க்கிற ஆக்கள் பார்வைச் சொல்லைப் போட்டால் அது பலகைக்குப் போயிடும்.

கரிசல்காட்டான்:
அதேதான் தங்கச்சி. அக்கா, மூலத்துக்கு மேல சொல்லக் கூடாதுங்குறீங்க, சரி. குறைச்சும் சொல்லக் கூடாதுல்ல? அந்த ஆங்கில வாக்கியத்துல 2024னு தேதி இருக்கு. 2019 ஆகஸ்ட் 15 அன்னிக்கு அறிவிச்சப்ப கிராமங்கள்ல கிட்டத்தட்ட 3.23 கோடி வீட்டுலதான் குழாய் இருந்துச்சு, ஆறுல ஒரு பங்கு. அஞ்சு வருசத்துல எல்லாருக்கும்னு சொல்லித்தான் தொடங்குனாங்க. 'உத்தேசம்'னு எழுதுனா அந்தத் தேதியும் உத்தேசமாப் போயிரும்.

வழக்குக்கட்டு:
தேதியை இந்தத் தம்பி பிடித்தது பெரிய விஷயம். வெறும் எண்ணத்துக்குத் தேதி போட மாட்டார்கள். நாங்கள் ஆவணம் படிக்கும்போது முதலில் பார்ப்பது கால வரம்பைத்தான். ஆனாலும் 'வழங்கும்' கூடாது. சிவப்பு மை மறுபடி வரும், இரண்டாம் முறை நியாயமாகவே வரும்.

மைத்துளி:
இரவு உட்கார்ந்து மாற்றிப் பார்த்தேன். கண்ணை விட்டுவிட்டேன். மனம் வரவில்லை, இருந்தாலும் விட்டுவிட்டேன். ஐயா சொன்னபடி யார் என்று தேடினேன். '-பட்டுள்ளது' என்பதில்தான் ஆள் ஒளிந்துகொள்கிறார். இப்போது இப்படி இருக்கிறது:

"கிராமப்புறத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் 2024க்குள் குழாய் இணைப்பு வழியாகப் பாதுகாப்பான, போதுமான குடிநீர் கிடைக்கச் செய்வது என்ற இலக்கோடு மத்திய அரசு 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த திட்டம் இது."

இலக்கணப்பித்தன்:
மூலத்தில் 'மத்திய அரசு' இல்லை. அறிவித்த தேதியும் இல்லை.

மைத்துளி:
செயப்பாட்டுவினைக்குள் இருந்த ஆளைத்தான் வெளியே கூப்பிட்டேன். அவர் இல்லாமல் அந்த வாக்கியமே பிறந்திருக்காது. தேதியை அடிக்குறிப்புக்குக் கொண்டுபோகச் சொன்னால் கொண்டுபோகிறேன், ஆளை எடுக்க மாட்டேன்.

கரிசல்காட்டான்:
'இலக்கு' எனக்கு முழுசாப் பிடிக்கல. ஆனா கேட்கிறதுக்கு ஒரு ஆளு இருக்கு இப்ப. ஒண்ணு மட்டும் சேருங்க அக்கா. 2025 பட்ஜெட்டுல இந்தத் திட்டத்தை 2028 வரைக்கும் நீட்டிச்சாங்கல்ல, அதையும் அடுத்த வரியிலேயே போட்டுருங்க. கூட்டத்துக்கு வர்றவங்க ரெண்டு தேதியையும் ஒரே தாள்ல பார்க்கட்டும்.