அம்மாயிக்கு ஒரு போன்

வாட்ஸ்அப் குழு: நாகலூர் வீடு (செல்வி, அவள் தம்பி ரவி, ரவியின் மனைவி தனம், செல்வியின் மகன் கார்த்தி. அம்மாயி என்பது கார்த்திக்கு அம்மாவின் அம்மா.)

செல்வி: நேற்றிலிருந்து அம்மாவுக்குப் போன் போகவில்லை. ரவி, யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்.

ரவி: பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டேன் அக்கா. அம்மா நன்றாக இருக்கிறது. பட்டன் போன்தான் மழையில் நனைந்து சார்ஜ் ஏறவில்லையாம்.

தனம்: இந்தத் தடவை டச் போனே வாங்கிவிடலாம் அண்ணி. அத்தை பேத்தி முகத்தைப் பார்த்து ஆறு மாதமாகிறது.

ரவி: சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு 5ஜி போன் பார்த்து வைத்திருக்கிறேன். ஆஃபர் இன்றைக்கு வரைக்கும்தான்.

கார்த்தி: மாமா, கொஞ்சம் பொறுங்க. நான் இப்போது மேலே ஏற்காட்டுக்குத்தான் போகிறேன். ஏரிப் பக்கம் எடுக்கிற டவர் நாகலூரிலும் எடுக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் அதைப் பார்த்துவிடுகிறேன்.

(மதியம்)

கார்த்தி: வேறு வேறு கம்பெனி சிம் இரண்டு கொண்டுவந்தேன். அம்மாயியின் சிம்மையும் என் போனில் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குள் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. காப்பி காயப்போடும் களத்து மூலையில், சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் ஒரே ஒரு கோடு. அம்மாயி அங்கே ஒரு கல் போட்டு வைத்திருக்கிறது. நம்மிடம் இத்தனை நாள் பேசியதெல்லாம் அதன்மேல் ஏறி நின்றுதான். மழையிலும்.

செல்வி: எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் வீட்டில்தான் என்று சொல்லுமே. கேட்கவே மனசு தாங்கவில்லை.

கார்த்தி: நான் கொண்டுவந்ததில் ஒன்று திண்ணையில் மூன்று கோடு, அடுப்படியில் இரண்டு. கோட்டை மட்டும் நம்பாமல் அடுப்படியிலிருந்தே வீடியோ கால் போட்டேன், அறுபடவில்லை. அதற்கே மாற்றிவிடலாம். ஆனால் இங்கே அதில் வருவது 4ஜிதான். 5ஜிக்கென்று கூடுதல் காசு வேண்டாம் மாமா.

தனம்: நம்பர் மாறுமா கார்த்தி? அத்தையின் பாஸ்புக், கேஸ், ஆதார் எல்லாம் இந்த நம்பரில்தான்.

கார்த்தி: மாறாதுங்க அத்தை. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்பினால், கம்பெனி மாற்றுவதற்கு ஒரு குறியீட்டு எண் வரும். ஒரே கம்பெனியில் 90 நாள் இருந்திருக்க வேண்டும், அம்மாயி பல வருஷமாக இருக்கிறது. அந்தக் கல்மேல் நின்று இப்போதுதான் அனுப்பினேன், வந்துவிட்டது. நான்கு நாள்தான் செல்லும். நாளைக்கே அம்மாயியை ஆதாரோடு கடைக்குக் கூட்டிப்போகிறேன்.

ரவி: சரி, ரீசார்ஜ்? மாதாமாதம் நான் போட்டுவிடுகிறேன்.

தனம்: மாதம் என்று சொல்கிறார்கள், 28 நாள்தான். வருஷத்துக்கு 13 தடவை வரும். போன தீபாவளிக்கு முந்தின நாள் முடிந்துபோய், நம் யாருக்கும் தெரியாமல் அத்தை இரண்டு நாள் தவித்தார்கள். ஒரே தடவையாக 365 நாளுக்குப் போடுவோம்.

செல்வி: பேசுவதற்கு மட்டும் என்று நெட் இல்லாத பேக் வந்திருக்கிறதாமே?

கார்த்தி: ஆமாம்மா, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் கட்டாயமாக்கியது. பட்டன் போனுக்கு அது நல்லது. வீடியோ கால் பேச நெட் வேண்டும். தினமும் 2 ஜிபி அம்மாயிக்கு எதற்கு? வருஷத்துக்கு மொத்தமாக இத்தனை ஜிபி என்று தருவதை எடுப்போம்.

ரவி: அப்போ எந்த மாதிரி போன் பார்க்கட்டும்?

கார்த்தி: பேட்டரி 5000 எம்ஏஎச்சுக்குக் குறையக் கூடாது, இங்கே காற்றுமழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. போனில் 128 ஜிபி இடம் போதும். சத்தத்தைக் கடையிலேயே வைத்துக் கேளுங்க, அம்மாயிக்கு இடது காது மந்தம். பழைய போன் தருகிறேன் என்று யாராவது சொன்னால், *#06# அடித்து வரும் நம்பரை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், திருட்டுப் போனா என்று பார்க்காமல் வாங்காதீங்க.

அப்புறம் ஒன்று. கைரேகை லாக் வேண்டாம். என் போனில் வைத்துப் பார்த்தேன், நான்கு தடவையும் எடுக்கவில்லை. காப்பிப் பழம் பறித்துப் பறித்து பெருவிரலில் ரேகையே தேய்ந்திருக்கிறது, ஓரமெல்லாம் வெடிப்பு. நான்கு இலக்க எண்தான் சரி. அதை நேரில் சொல்லித் தருகிறேன், குழுவில் போடமாட்டேன்.

செல்வி: எழுத்தைப் பெரிசாக வைத்துக் கொடு. நம் நான்கு பேர் படமும் முதல் பக்கத்திலேயே தெரியட்டும், தொட்டால் கால் போகிற மாதிரி.

ரவி: சாயங்காலமே வாங்கிவிடுகிறேன். காலை முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

செல்வி: கார்த்தி, அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிடு.

கார்த்தி: புது சிம் வேலை செய்ய மூன்று வேலை நாள் ஆகும் அம்மா. அதுவரைக்கும் இருக்கட்டும்.