குறள் வகுப்பைப் பதிவு செய்யப் போய் மின்விசிறியைப் பதிவு செய்த கதை

எங்கள் ஊர் நூலகத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் குறள் வகுப்பு எடுக்கிறார். பதிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காசு போட்டால் போதும் என்று நினைத்து, கொஞ்சம் விலை கூடின ரெக்கார்டராக வாங்கி, நாலாவது வரிசை மேசையில் வைத்தேன். வீட்டில் வந்து ஹெட்போனில் கேட்டால் மின்விசிறிதான் குறள் சொல்கிறது. ஐயா எங்கோ கிணற்றுக்குள் இருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் மிக்சர் பொட்டலம் பிரித்தது மட்டும் அத்தனை துல்லியம்!

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும். விசிறிச் சத்தமோ எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அதே ரெக்கார்டரில் ஒரு மலிவு காலர் மைக்கைச் செருகி, வாயிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையில் மாட்டினேன். மிக்சர் சத்தம் போயே போச்சு. ஆனால் ஐயா தோளில் துண்டு போடுகிறவர், அதுவும் கஞ்சி போட்டது. அதை இழுத்து விடும்போதெல்லாம் காதில் 'கரக் கரக்'. இப்போது பேசும் முன் துண்டை வாங்கி நாற்காலியில் போட்டுவிடுகிறேன். முதல் நாள் முறைத்தார்.

காலர் மைக் வாங்கினால் பிளக்கில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் போனுக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும். மாற்றிச் செருகினால் போன் சத்தமே காட்டாமல் தன் சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கும். எனக்கு ஒரு வகுப்பு அப்படிப் போனது.

●

சார், காலரே இல்லாத எங்களுக்கு? நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். புடவைத் தோள் மடிப்பில் மாட்டிப் பார்த்தேன். போர்டு பக்கம் திரும்பினால் குரல் பாதியாகிவிடுகிறது. முந்தானை விளிம்பில், நெஞ்சுக்கு நடுவே வருகிற இடம்தான் சரி. சங்கிலியை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் செமஸ்டர் முழுக்க கிணுகிணுதான். போனில் பதிவு செய்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். அம்மாவின் ஒரே ஒரு அழைப்பில் என் வகுப்பு அறுந்துபோனது.

●

நான் கோயில் மண்டபச் சொற்பொழிவுகளை எடுக்கிறவன். அங்கே மைக்செட்காரரிடம் நயமாகக் கேட்டு எல்லா மைக்கும் வந்து சேரும் ஒலி மிக்சர் பெட்டியிலிருந்தே ஒயர் இழுத்துவிடுவேன். அந்தப் பெட்டியின் லைன் அவுட்டில் வரும் சிக்னல் மைக்கைவிடப் பலமானது; அதை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகாதீர்கள், குரல் கிழியும். அதைத் தாங்கும் லைன் இன் துளை ரெக்கார்டரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உரத்த பேச்சிலும் ரெக்கார்டரின் மீட்டர் -12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். பேச்சாளர் எப்போது உச்ச ஸ்தாயிக்குப் போவார் என்று அவருக்கே தெரியாது. சிடி தரத்தில் சுருக்காத வேவ் கோப்பு மணிக்கு 600 எம்பியைத் தாண்டும், சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 60 எம்பிக்குள் அடங்கும். நான் வேவில் எடுத்து, வாட்ஸப்புக்கு எம்பி3 ஆக்கி அனுப்புகிறேன்.

மைக்செட்காரருக்கு ஒரு டீ சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒயர் அவர் தயவு.