வலையில் வந்த குழாயும் கப்பலில் இறங்கிய பூஸ்டரும்

புதுச்சேரி வம்பாக்கீரப்பாளையத்திலிருந்து:

2019 டிசம்பரில் எங்கள் ஊர் மீனவர்கள் வலையில் ராக்கெட் பாகம் சிக்கியது பலருக்கு நினைவிருக்கும். அதைக் கரைக்கு இழுத்து வந்த அன்று நானும் அங்கே நின்றேன். சுமார் 13 மீட்டர் நீளக் குழாய். பக்கவாட்டில் பிஎஸ்ஓஎம்-எக்ஸ்எல் என்று எழுத்து. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் அடிப்பகுதியைச் சுற்றிக் கட்டியிருக்கும் உந்துகலன்களில் ஒன்று அது. பெரியப்பா அதைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறும் கூடு.

"இம்மாம் பெரிச ஒரே தடவ எரிச்சிட்டு கடல்ல போட்டுடுவாங்களாடா?" என்றார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

2024 நவம்பர் 19, நள்ளிரவு. நம் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஜிசாட்-என்2 ஏவுவதை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா கடலுக்குப் போக எழுந்தவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். செயற்கைக்கோள் 4,700 கிலோ. அவ்வளவு எடையை அது போக வேண்டிய பாதைக்கு ஏற்ற நம் பெரிய ராக்கெட் எல்விஎம்3-ஆல் முடியாது. அதனால் அமெரிக்காவின் கேப் கெனவரலிலிருந்து ஃபால்கன் 9 ராக்கெட்டில் போனது. அந்த ராக்கெட்டின் அடிப்பகுதியான பூஸ்டருக்கு அது 19-வது பயணம் என்றதும், "பத்தொம்பதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

கிளம்பி எட்டரை நிமிடம் இருக்கும். கடலில் நிற்கும் ஆளில்லாத கப்பலின் மேல் பூஸ்டர் நெருப்பைக் கீழே விட்டுக்கொண்டு இறங்கி, நான்கு காலையும் ஊன்றி நின்றது. பெரியப்பா ராக்கெட்டைப் பார்க்கவில்லை, கப்பலைத்தான் பார்த்தார். "அலையில ஆடுற தட்டுல எப்பிடிடா நிக்குது?" நீரோட்டத்தில் படகை அணைத்துக் கட்டுவது எவ்வளவு பாடு என்று அறிந்தவர் கேட்கும் கேள்வி அது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பூஸ்டர் கரைக்கே திரும்பி வர நிறைய எரிபொருள் வேண்டும். கனமான கோளைத் தூக்கிவிட்டால் அவ்வளவு மிஞ்சாது. அதனால் அது போகும் திசையிலேயே கப்பலை நிறுத்திவைக்கிறார்கள். 2019-இல் கேட்டதற்கும் அப்போதுதான் பதில் சொல்ல முடிந்தது. நம் வலையில் வந்தது திட எரிபொருள் குழாய், பற்றவைத்தால் தீரும் வரை எரியும், நடுவில் நிறுத்த முடியாது. ஃபால்கன் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கிறது. அணைக்கலாம், மறுபடி பற்றவைக்கலாம். அந்த வசதி இருப்பதால்தான் வேகத்தைக் குறைத்து இறங்க முடிகிறது.

"போட் இன்ஜின் மாதிரி" என்றார். அன்று அரை மணி நேரம் தாமதமாகத்தான் கடலுக்குப் போனார்.

கடலூர் முதுநகரிலிருந்து:

அண்ணே, படிக்கும்போதே மனசு நிறைந்துவிட்டது. எனக்குத் துறைமுகம் பக்கம் டீக்கடை. 2025 நவம்பர் 2 சாயங்காலம் சிஎம்எஸ்-03 ஏவியபோது கடை டிவியில் எல்லோரும் பார்த்தோம். 4,410 கிலோ, அன்றுவரை நம் மண்ணிலிருந்து ஏறிய தகவல்தொடர்புக் கோள்களில் அதுதான் அதிக எடை. ராக்கெட்டின் பக்கத்தில் கட்டிய எஸ்200 உந்துகலன்கள் இரண்டும் பிரிந்தபோது கடையே கை தட்டியது. நானும் தட்டினேன். ஆனால் அவையும் திட எரிபொருள்தான், கடலுக்குத்தான் போகும். அது மனதில் உறுத்தியது.

நம் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மீத்தேனில் ஓடும், அதன் அடிப்பகுதியான முதல் கட்டம் திரும்பி வரும். அது முதல் தடவை இறங்கும் அன்று பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணே. டீ என் கணக்கு.