பென்டிரைவில் இருக்கும் வள்ளி கும்மி வீடியோ போகிற ஊர்க் கம்ப்யூட்டரில் ஓட மாட்டேன் என்கிறது

கும்மிப்பாட்டு_கோபி:
வணக்கமுங்க. கோபி பக்கம் வள்ளி கும்மி சொல்லிக் கொடுக்கிறேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி. எந்த இடத்தில் கால் மாற்ற வேண்டும், எந்த இடத்தில் கை தட்டித் திரும்ப வேண்டும் என்று நூறு தடவை வாயால் சொல்வதைவிட, முன்னால் நடந்த அரங்கேற்றத்தைப் பெரிய திரையில் ஒரு தடவை போட்டுக் காட்டினால் சின்னப் பிள்ளைகள்கூடப் பிடித்துக்கொள்கிறார்கள். தங்கச்சி மகன் ஐபோனில் 4கே-வில் எடுத்துத் தந்தான். என் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. காங்கேயம் பக்கம் ஒரு மண்டபத்துக் கம்ப்யூட்டரில் பாட்டு மட்டும் கேட்டது, படம் கறுப்பாகவே நின்றது. அந்தியூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படம் வந்தது, ஆனால் விட்டு விட்டு வந்ததால் கால் அடி ஒன்றுமே புரியவில்லை. இது போக, 40 நிமிட முழு வீடியோ ஒன்று பென்டிரைவில் ஏறவே இல்லை. 32 ஜிபி-யில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, ஆனால் கோப்பு பெரிசாக இருக்கிறது என்று சொல்கிறது. எல்லாரும் பென்டிரைவ் கெட்டுப்போச்சு என்றார்கள், புதுசு வாங்கியும் அதே கதைதான். அடுத்த வாரம் சத்தியமங்கலம் பக்கம் போக வேண்டும், என்ன பண்ணலாமுங்க?

பழுதுக்கடை_ஈரோடு:
அக்கா, பென்டிரைவ் நல்லாத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனிப் பிரச்சனை.

ஏறாததற்குக் காரணம், பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அடுக்கும் முறையில் இருப்பது. அதில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது. ஐபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும், 40 நிமிடம் கிட்டத்தட்ட 7 ஜிபி. எக்ஸ்ஃபேட் என்ற புது முறைக்கு ஃபார்மட் செய்தால் ஏறும் (உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்). ஆனால் மண்டபத்து டிவியில் நேராகச் சொருகினால் பழைய டிவி சிலது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அதனால் நான் சொல்வது, ஃபேட்32-லேயே விட்டுவிட்டு வீடியோவைப் பாட்டுக்கு ஒன்றாக வெட்டிக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுக்கவும் அதுதானே வசதி?

படம் கறுப்பாக நின்றது கோடெக், அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் மென்பொருள், இல்லாததால். ஐபோன் வழக்கமாக ஹெச்.265 (ஹெச்இவிசி என்றும் சொல்வார்கள்) என்ற சுருக்கும் முறையில் பதிவு செய்கிறது. பல விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதைப் படிக்கும் நீட்டிப்பு தனியாகப் போட்டிருக்க வேண்டும். சத்தம் வேறு கோடெக் என்பதால் அது மட்டும் கேட்டிருக்கிறது. விஎல்சி என்ற வீடியோ பிளேயருக்கு இந்தத் தொல்லை கிடையாது, தன் கோடெக்கைத் தானே வைத்திருக்கும். விஎல்சி போர்ட்டபிள் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பென்டிரைவிலேயே போட்டுக்கொண்டு போனால் அவர்கள் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவாமல் அங்கிருந்தே திறக்கலாம்.

விட்டு விட்டு ஓடுவது பென்டிரைவின் வேகம் பத்தாததால் இருக்கும், வீடியோவை டெஸ்க்டாப்புக்குக் காப்பி பண்ணி ஓட்டுங்கள்.

மலையடிவாரம்:
கடைசியில் சொன்னது மட்டும் இந்த இடத்துக்குப் பொருந்தாது அண்ணா. நிமிடத்துக்கு 170 எம்பி என்றால் நொடிக்கு 3 எம்பிகூட வரவில்லை, சாதாரண யூ.எஸ்.பி 2 பென்டிரைவே அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். திணறுவது அந்தக் கம்ப்யூட்டரின் பிராசசர். இன்டெலில் 6-ஆம் தலைமுறைக்கு முந்திய சிப்புகளில் ஹெச்.265-ஐ முழுதாக விரிக்கும் தனி வன்பொருள் கிடையாது, 4கே-வைப் பிராசசரே மூச்சுப் பிடித்து விரிக்க வேண்டியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 100-ஐத் தொட்டு நின்றால் இதுதான் என்று உறுதி பண்ணிக்கொள்ளலாம். அங்கே விஎல்சி போட்டாலும் படம் வரும், திணறல் போகாது.

அதனால் அக்கா, வீட்டிலேயே மாற்றிக்கொண்டு போங்கள். ஹேண்ட்பிரேக் இலவச மென்பொருள், அதில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வீடியோ ஹெச்.264 என்ற பழைய சுருக்கும் முறையில், எம்பி4 கோப்பாக வரும். ஹெச்.264 வந்தது 2003-இல், இன்றைக்குப் படிக்காத கம்ப்யூட்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோப்பும் வெகுவாகச் சுருங்கும். இனிமேல் எடுப்பதற்கு ஐபோன் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்பதற்குள் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்து, 4கே வேண்டாம், 1080-லேயே எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஊர்க் கம்ப்யூட்டரில் சொருகிய பிறகு உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் வைரஸ். எதையும் கிளிக் பண்ண வேண்டாம், பதறி ஃபார்மட்டும் அடிக்க வேண்டாம், பெரும்பாலும் கோப்புகள் மறைந்துதான் இருக்கும். வீட்டில் எப்போதும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

கும்மிப்பாட்டு_கோபி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பாட்டுப் பாட்டாக வெட்டி, ராத்திரி முழுக்க ஹேண்ட்பிரேக்கில் ஓடவிட்டு மாற்றினேன். சத்தியமங்கலம் பக்கம் இருந்ததும் பழைய கம்ப்யூட்டர்தான், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. விஎல்சி-யில் மைனஸ் பொத்தானை அழுத்தினால் வேகம் குறைகிறது என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தேன். கால் மாறும் இடத்தைப் பாதி வேகத்தில் போட்டுக் காட்டினேன், பின்வரிசையில் தடுமாறிக்கொண்டிருந்த அம்மணிகள் அன்றைக்கே சேர்ந்து அடித்தார்கள்.